நாலு பேரு, ரெண்டு கேனோ, அஞ்சு நாள்: திருப்பூர் நண்பர் கேட்டதுக்கு

திருப்பூர்ல இருந்து ஒருத்தர் கேட்டிருக்காரு. செப்டம்பர்ல டொரண்டோவுல இருக்கற மச்சான் ஊட்டுக்குப் போறாராம், மச்சானையும் சேத்து நாலு பேரு, ஒருத்தருக்கும் துடுப்புப் போட்ட பழக்கம் இல்ல, கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல இருக்கற அல்கான்குயின் பார்க்குல ஏரி விட்டு ஏரி அஞ்சு நாள் கேனோவுல, அதாவது துடுப்புப் போட்டு ஓட்டற ஒல்லியான நீளப் படகுல போயி காட்டுக்குள்ளயே டென்ட் போட்டுத் தங்கணும், ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர்னு கணக்கு வச்சிருக்கோம் சரியா வருமா, என்னென்ன எடுத்துட்டுப் போகணும், அதுக்கு முன்னாடி இங்கயே பழகிக்கறதுக்கு மேட்டூர்ல இருந்து கொடுமுடி வரைக்கும் காவேரியில மூணு நாள் போய்ப் பாக்கலாமா. இதான் கேள்வி.

இதுல உண்மையாவே கேக்கறது ரெண்டு விஷயம்ங்க. பழக்கமே இல்லாத நாலு பேரு அஞ்சு நாள் காட்டுக்குள்ள போயிட்டு ஒழுங்கா திரும்பி வர முடியுமாங்கறது ஒண்ணு. அதுக்கு பதில் முடியும், வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான பேரு பொண்டாட்டி புள்ளைகளோட போயிட்டு வர்ற இடம் அது. காவேரி அதுக்கு ஒத்திகை பாக்கற இடமாங்கறது இன்னொண்ணு. அதுக்கு பதில் இல்ல, அதை கடைசியில வெவரமா சொல்றேன். அந்த 25 கிலோமீட்டர்தான் என்னை இவ்வளவு நீளமா எழுத வச்சிருச்சு.

நான் பவானிக்காரன். கூடுதுறைக்கு நாலு தெரு தள்ளி ஊடு, சின்ன வயசுல மீன் புடிக்கறவங்களோட பரிசல்ல ஏறி இறங்கி வளந்தவன். அப்பறம் வேலைக்குன்னு ஒன்டாரியோ போயி ஒம்பது வருஷம் இருந்துபோட்டு திரும்ப வந்துட்டேன், அதுல ஏழு செப்டம்பர் அல்கான்குயின்ல துடுப்புப் போட்டிருக்கேன், ரெண்டு தடவை எல்லை தாண்டி மினசோட்டாவுல பவுண்டரி வாட்டர்ஸ்னு ஒரு இடம் இருக்கு, அங்கயும் போயிருக்கேன். பாறைக்கு நடுவுல நொரைச்சுக்கிட்டு ஓடற வெள்ளத்துல கயாக் ஓட்டறதெல்லாம் எனக்குப் பழக்கம் இல்ல, அதைப் பத்தி என்னைக் கேக்காதீங்க. ஏரித் தண்ணி, மெதுவா ஓடற ஆறு, தூக்கிட்டு நடக்கறது, இவ்வளவுதான் என்ற அனுபவம்.

முதல் வருஷம் நானும் உங்களை மாதிரிதான் எக்செல் ஷீட் போட்டேன். காலைல எட்டு மணி, மணிக்கு அஞ்சு கிலோமீட்டர், அஞ்சு மணி நேரம், ஆச்சு 25, மத்தியானம் ஒரு மணிக்கு டென்ட் போட்டு அரிசிம்பருப்பு சாதம் ஆக்கிச் சாப்புட்டுத் தூங்கறோம்னு. நடந்தது என்னன்னா காலைல சாமான் கட்டி தண்ணியில எறங்கறதுக்கே பத்தரை ஆயிருச்சு. பர்ன்ட் ஐலண்ட் லேக்னு ஒரு ஏரி, நல்ல நீளமான ஏரி, ரெண்டு மணிக்கு நடுவுல போறப்ப மேக்க இருந்து காத்து கெளம்புச்சு பாருங்க, துடுப்பு போட்டுக்கிட்டே இருக்கோம், கரையில இருக்கற அந்த ஒரே பைன் மரம் அங்கயே நிக்குது, நகரவே இல்ல. கடைசியில ஒரு பாறையில ஒதுங்கி நாலு மணி நேரம் உக்காந்திருந்தோம். புக் பண்ணுன ஏரிக்குப் போய்ச் சேர முடியல, இருட்டுக்குள்ள டார்ச் அடிச்சு காலியா இருந்த ஒரு எடத்தைக் கண்டுபுடிச்சு, ஈரத்தோட, பேசிக்காம, ரொட்டியைத் தின்னுபோட்டுப் படுத்தோம். கூட வந்த நண்பன் அதுக்கப்பறம் ஒரு வாரம் எங்கூடப் பேசல. தப்பு என்றதுதான்.

ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு நம்மூர்ல சொல்லுவாங்கல்ல, பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்துல உடுமலை, பல்லடம் பக்கம் வண்டி ஓட்டுனவங்களுக்கு அது நல்லாவே புரியும். ஏரியிலயும் அதே கதைதான், ஆனா தினமும் நடக்கும். வெள்ளென தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கும், பத்து பதினோரு மணிக்கு மேல வெயில் ஏற ஏற காத்து எந்திரிக்கும், ரெண்டு மூணு மணிக்கு உச்சம், பொழுது சாயறப்ப பெரும்பாலும் அடங்கிரும். தெனமும் கண்டிப்பா இப்படித்தான்னு சொல்ல மாட்டேன், மழை மேகம் வந்தா எல்லாம் மாறிரும். ஆனா இதை நம்பி பிளான் போட்டவங்க யாரும் நெம்ப ஏமாந்து நான் பாக்கல. கோழி கூப்பிட எந்திரிச்சு ஏழு மணிக்குள்ள தண்ணியில இருந்தா பெரிய ஏரிய பதினோரு மணிக்குள்ள தாண்டிரலாம். பெரிய ஏரியில நடுவால குறுக்க போகாதீங்க, தூரம் கூடுனாலும் கரையை ஒட்டியே போங்க. கவுந்தா நீந்திக் கரை சேர்ற தூரத்துலதான் எப்பவும் இருக்கணும்.

காத்துக்கு அடுத்தது தூக்கிட்டு நடக்கறது. ஒரு ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவுல தண்ணி வழி இல்லைன்னா, இல்ல அருவியோ பாறையோ இருந்தா, கேனோவைத் தலைகீழா கவுத்து தோள்ல வச்சுக்கிட்டு காட்டுப் பாதையில நடக்கணும், அதைத்தான் அங்க போர்ட்டேஜ்னு சொல்றாங்க. மஞ்சக் கலர் போர்டு வச்சிருப்பாங்க, எத்தனை மீட்டர்னு அதுலயே எழுதியிருக்கும். இங்கதான் கணக்குத் தப்பும். ஆயிரம் மீட்டர்னு போட்டிருந்தா ஒரு கிலோமீட்டர்தானேன்னு நெனைப்பீங்க. நாலு பேருக்கு ரெண்டு கேனோ, ரெண்டு டென்ட், சாப்பாட்டு டிரம், ஆளுக்கொரு பை. ஒரே நடையில எல்லாத்தையும் தூக்க முடியாது. ரெண்டு பேரு கேனோவைத் தூக்க, ரெண்டு பேரு மூட்டையைத் தூக்க, போயி வச்சுப்போட்டு, திரும்ப வெறுங்கையோட வந்து, மிச்சத்தைத் தூக்கிக்கிட்டு மறுபடி போகணும். ஆக ஒரு கிலோமீட்டர் மூணு கிலோமீட்டர் ஆச்சுங்களா. பவுண்டரி வாட்டர்ஸ்ல மீட்டர் கூட கிடையாது, ராட்னு ஒரு பழைய அளவு, பதினாறரை அடி, கிட்டத்தட்ட ஒரு கேனோ நீளம். 200 ராட்னா சும்மா தெரியும், போட்டுப் பாத்தா ஒரு கிலோமீட்டர்.

இப்ப உங்க நாளை நானே போட்டுக் காட்டறேன். புதுசா துடுப்புப் புடிக்கறவங்க மூட்டை ஏத்துன கேனோவுல மணிக்கு மூணரை, நாலு கிலோமீட்டர் போனாலே நல்லது. 12 கிலோமீட்டர் ஏரின்னா மூணரை மணி நேரம். தூக்கற பாதை ரெண்டு, ஒட்டுக்கா 1,200 மீட்டர்னு வச்சுக்குங்க, மூணு நடைன்னா 3.6 கிலோமீட்டர், ஏத்த எறக்க எல்லாம் சேத்து ஒண்ணேமுக்கால் மணி நேரம். சாப்பாடு, ஒண்ணுக்கு, போட்டோ, மூஸ்னு அந்த ஊரு பெரிய மான் நிக்குதுன்னு வாயப் பொளந்து பாக்கறது, அதுக்கு ஒரு மணி நேரம். ஏழுக்குக் கெளம்புனா ஒண்ணரை மணிக்குள்ள போய்ச் சேரலாம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான். 25 வேண்டாம், 12 போதும். நல்ல பழக்கம் இருக்கறவங்க 25, 30 போவாங்க, இல்லைன்னு சொல்லல, அவங்க ஒரே நடையில தூக்கற அளவுக்கு சாமான் கம்மியா வச்சிருப்பாங்க.

அதுக்கு மேல ஒரு நாள் சும்மா விடுங்க. அஞ்சு நாள்னா நாலு நாளைக்குத்தான் பிளான். அந்த மிச்ச நாள் காத்துக்கோ மழைக்கோ யாருக்காவது மேலுக்கு முடியாமப் போனாலோ இருக்கட்டும், ஒண்ணும் ஆகலைன்னா ஒரே எடத்துல ரெண்டு ராத்திரி தங்கி மீன் புடிங்க. ஆனா மீன் புடிக்கறதுக்கு தனி லைசென்ஸ் வேணும், அதை மறந்துராதீங்க. இன்னொண்ணு, ஒவ்வொரு நாளுக்கும் போய்ச் சேர்ற எடத்தை மட்டும் குறிக்காதீங்க, நடுவுல எங்க நின்னுக்கலாம், எந்த எடம் வரைக்கும் வந்து திரும்பிரலாம்னு மேப்புல பென்சில்ல ஒரு வட்டம் போடுங்க. என்ற அப்புச்சி மாட்டு வண்டியில சந்தைக்குப் போறப்ப எங்கெங்க தொட்டி இருக்குது, எங்க வண்டியை அவுத்து விடலாம்னுதான் வழியைச் சொல்லுவாரு, எத்தனை மைல்னு கேட்டா அவருக்குத் தெரியாது. அந்த மாதிரி.

எந்த வழின்னு கேட்டா நான் கேனோ லேக்ல இருந்துதான் ஆரம்பிக்கச் சொல்லுவேன். பார்க்கு குறுக்க 60ஆம் நம்பர் ரோடு போகுது, அதுல இருந்து பக்கம், கேனோ, லைஃப் ஜாக்கெட் எல்லாம் அங்கயே வாடகைக்குக் கெடைக்கும். டாம் தாம்சன்னு கனடாவுல பேர் பெத்த ஓவியர் ஒருத்தரு 1917 ஜூலையில இந்த ஏரியிலதான் செத்துப்போனாரு, கேனோவுல தனியா போனவரு, எப்படிச் செத்தாருன்னு இன்னைக்கு வரைக்கும் அங்க சண்டை போட்டுக்கறாங்க. கேனோ லேக் முடியற எடத்துல ஒரு சின்ன அணை, அதைச் சுத்தி 300 மீட்டர் கிட்ட தூக்கிட்டு நடந்தா ஜோ லேக். அங்கிருந்து லிட்டில் ஜோ, பேபி ஜோ, அப்பறம் நான் மாட்டிக்கிட்டேன்னு சொன்னேனே அந்த பர்ன்ட் ஐலண்ட். முதல் ராத்திரி லிட்டில் ஜோ, ரெண்டாவதும் மூணாவதும் பர்ன்ட் ஐலண்ட்ல ஒரே எடம், மூணாவது நாள் பகல்ல வெறும் கேனோவை எடுத்துக்கிட்டு ஆட்டர்ஸ்லைட் பக்கம் போய்ட்டு வரலாம், நாலாவது ராத்திரி திரும்ப ஜோ லேக், அஞ்சாவது நாள் காலைல வெளிய. தூக்கற பாதை எதுவும் ஒரு கிலோமீட்டரைத் தாண்டாது. இன்னும் பெரிய சுத்து இருக்கு, பிக் டிரவுட், ஒயிட் டிரவுட், மெக்கின்டாஷ்னு, அழகுதான், அது ரெண்டாவது தடவைக்கு வச்சுக்குங்க. ஒப்பியாங்கோன்னு ஒரு ஏரி மேப்புல பெருசா ஆசை காட்டும், அந்தப் பார்க்குலயே பெரிய ஏரி அதுதான், காத்து அடிச்சா கடல் மாதிரி, முதல் தடவை அங்க ஆரம்பிக்காதீங்க.

சாமான் விஷயத்துல லிஸ்ட் ஆயிரம் எடத்துல கெடைக்கும், அதையே நானும் எழுதப் போறதில்ல. அங்க கடையில கேக்கறப்ப எடை கம்மியான கேனோவா கேளுங்க, கெவ்லார்னு சொல்லுவாங்க, இருபது கிலோ கிட்ட இருக்கும், வாடகை கொஞ்சம் கூடத்தான். பிளாஸ்டிக் கேனோ முப்பது கிலோவுக்கு மேல, அந்த மிச்சக் காசுக்கு உங்க தோளு அஞ்சு நாளும் அழுகும். லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒண்ணு, அவங்கவங்க உடம்பு அளவுல இருக்கணும்னு அந்த ஊரு சட்டமே சொல்லுது, ஆனா கேனோவுல சும்மா போட்டு வச்சிருந்தா சட்டத்துக்கு சரி, உங்களுக்கு ஆகாது. மாட்டி, பக்கிள் போட்டு, கரை ஏறற வரைக்கும் கழட்டாதீங்க. விசில், பதினஞ்சு மீட்டர் மிதக்கற கயிறு, தண்ணி மொண்டு ஊத்தற டப்பா, இதெல்லாம் வாடகை எடுக்கறப்பவே கேட்டு வாங்கிருங்க.

கெணத்துல குதிச்சு நீச்சல் கத்துக்கிட்டவன், எனக்கு என்னன்னு நம்மாளுங்க சொல்றது உண்டு. நானும் கெணத்துல கத்துக்கிட்டவன்தான். நம்ம கெணத்துத் தண்ணி சித்திரை மாசம் இதமா இருக்கும்ங்க. அங்க செப்டம்பர் கடைசிக்குள்ள ஏரி நல்லா குளுந்து போயிரும், ராத்திரி பூஜ்யம் கிட்டக்கூட போகும். பதினஞ்சு டிகிரிக்குக் கீழ இருக்கற தண்ணியில விழுந்தா என்ன ஆகும்னு அங்க ஒண்ணு, பத்து, ஒண்ணுன்னு சொல்லிக் குடுப்பாங்க. முதல் ஒரு நிமிஷம் மூச்சு வாங்கி வாங்கி இழுக்கும், அந்த நேரத்துல தலை தண்ணிக்கு மேல இருந்தாப் போதும், வேற எதுவும் பண்ண வேண்டாம். அடுத்த பத்து நிமிஷம்தான் கை கால் உங்க பேச்சைக் கேக்கும். அதுக்கப்பறம் குளிர்ல நினைவு தப்பறதுக்கு ஒரு மணி நேரம் கிட்ட ஆகும். நான் டாக்டர் இல்ல, ஆளுக்கு ஆள் இது மாறும், ஆனா பத்து நிமிஷத்துக்கு மேல எவ்வளவு பெரிய நீச்சல்காரனும் நீந்த முடியாதுங்கறதுதான் இதுல விஷயம். கேனோ கவுந்தா அதை விட்டுப்போட்டு நீந்தாதீங்க, கவுந்தாலும் அது மிதக்கும், அதைப் புடிச்சுக்குங்க. செப்டம்பர் முதல் பாதியில போனீங்கன்னா இந்தக் குளிரோட பிரச்சனை ரொம்பக் கம்மி, கொசுவும் பெரும்பாலும் போயிருக்கும். மேப்பிள் மரம் செவந்து நிக்கறதைப் பாக்கணும்னா செப்டம்பர் கடைசி, அப்ப ஸ்வெட்டர் ரெண்டு கூட வைங்க. ஜீன்ஸ் வேண்டாம், நனைஞ்சா காயவே காயாது.

இடி சத்தம் கேட்டா உடனே கரை. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் திரும்ப எறங்கணும். இதுல யோசிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

சாப்பாட்டுக்கு வர்றேன், இதுல நம்மளை அடிச்சுக்க ஆளில்ல. அங்க டப்பா, கண்ணாடி பாட்டில் உள்ள கொண்டு போகக் கூடாது, அல்கான்குயின், பவுண்டரி வாட்டர்ஸ் ரெண்டுலயும் அந்த ரூல் உண்டு. வெள்ளக்காரங்க காயவச்ச பாக்கெட் சாப்பாட்டைக் காசு குடுத்து வாங்கி வெந்நி ஊத்தித் தின்னுட்டு இருப்பாங்க. நாம அரிசி, தொவரம்பருப்பு, சீரகம், வரமொளகா, மஞ்சள், பெருங்காயம் எல்லாம் ஒரு வேளைக்கு ஒரு பையின்னு ஊட்டுலயே கலந்து கட்டிட்டா ஒரே பாத்திரத்துல அரிசிம்பருப்பு சாதம், மேல கொஞ்சம் நெய். பூண்டும் சின்ன வெங்காயமும் அஞ்சு நாள் தாராளமா தாங்கும். காலைக்கு அவல், ரவை, நடுவுல நிலக்கடலை, எள்ளுருண்டை. காஞ்ச சாமானா ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 650, 700 கிராம் கணக்கு வைங்க, துடுப்புப் போட்டா பசிக்கும். இங்கிருந்து மூட்டை கட்டிக்கிட்டு போக வேண்டாம், டொரண்டோவுல ஸ்கார்பரோ பக்கம் தமிழ்க் கடை தெருவுக்குத் தெரு இருக்கு, எல்லாமே அங்க கெடைக்கும். கருவாடு மட்டும் வேண்டாம்ங்க. எங்க கூட்டத்துல ஒருத்தரு நெத்திலிக் கருவாடு கொண்டாந்தாரு, வறுத்த வாசனை ஏரி முழுக்க போச்சு, நாங்க ராத்திரி முழுக்கத் தூங்கல.

ஏன்னா அது கருங்கரடி இருக்கற காடு. பயந்துக்கற அளவுக்கு ஒண்ணும் இல்ல, ஏழு வருஷத்துல நான் ரெண்டு தடவைதான் பாத்தேன், ரெண்டும் என்னைப் பாத்து ஓடுச்சு. ஆனா சாப்பாடு, பல்பொடி, சோப்பு, எது வாசனை அடிச்சாலும் டென்ட்டுக்குள்ள இருக்கக் கூடாது. கயிறு போட்டு மரக்கெளையில தொங்க விடணும், தரையில இருந்து நாலு மீட்டர் உயரம், அடிமரத்துல இருந்து ரெண்டு மீட்டராவது தள்ளி. பொழுதோடயே அந்த மரத்தைப் பாத்து வச்சுருங்க, சாப்புட்டு முடிச்சு இருட்டுல கல்லைக் கட்டிக் கயிறு எறியறது இருக்கே, அதுக்குப் பொறுமை வேணும். ஏரித் தண்ணியைக் குடிக்கலாம், ஆனா பாக்க எவ்வளவு தெளிவா இருந்தாலும் ஒரு நிமிஷம் தளதளன்னு கொதிக்க வச்சோ ஃபில்டர் பண்ணியோதான். ஜியார்டியான்னு ஒரு கிருமி இருக்கு, வயித்தால போறது வாரக் கணக்குல நிக்காது. கக்கூஸ்னு பாத்தா டென்ட் போடற எடத்துக்குப் பின்னால குழி மேல மூடி வச்ச ஒரு மரப்பெட்டி, சொவரு கதவு ஒண்ணும் கெடையாது. ஒரு சொம்பு கொண்டு போங்க, கழுவறது ஏரியில இருந்து நல்லாத் தள்ளி.

உள்ள பெரும்பாலான எடத்துல போன் சிக்னல் இருக்காது. அதனால வெளிய இருக்கற ஒருத்தர் கையில காகிதத்துல எழுதிக் குடுத்துட்டுப் போங்க: எங்க எறங்கறோம், எந்த ராத்திரி எந்த ஏரி, கார் நம்பர், கேனோ கலர், இத்தனாம் தேதி இத்தனை மணிக்குள்ள போன் வரலைன்னா போலீசுக்குச் சொல்லு. மச்சான் சம்சாரம்கிட்ட குடுத்தாப் போதும், ஆனா அந்த நேரத்தை நீங்க போடற நேரத்துக்கு அரை நாள் தள்ளி வைங்க, இல்லைன்னா காத்துக்கு ஒதுங்கி லேட்டா வந்ததுக்கு ஊரையே கூட்டிருவாங்க. சாட்டிலைட் மெசேஞ்சர்னு, போன் சிக்னல் இல்லாத எடத்துலயும் சேதி அனுப்பற கருவி வாடகைக்குக் கெடைக்கும், எடுத்துக்கறது நல்லது, ஆனா பட்டனை அமுக்குனா ஹெலிகாப்டர் பத்து நிமிஷத்துல வந்துரும்னு நெனைக்காதீங்க, மணிக்கணக்கு ஆகும். டூரிஸ்ட்டா போறவங்களுக்கு அங்க ஆஸ்பத்திரி இலவசம் கெடையாது, டிராவல் இன்சூரன்ஸ் போடறப்ப இந்த மாதிரி பயணம் அதுல வருதான்னு ஒரு வரி படிச்சுப் பாருங்க.

இப்ப காவேரி. மேட்டூர்ல இருந்து கொடுமுடின்னு நீங்க சொன்னதும் எனக்கு ஒரு சிரிப்பு வந்துச்சு, ஏன்னா ஒரு விதத்துல நீங்க சரியாத்தான் யோசிச்சிருக்கீங்க. மேட்டூருக்குக் கீழ இப்ப இருக்கறது எங்க தாத்தா பாத்த ஆறு இல்ல. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டைன்னு கரண்டுக்காக வரிசையா கதவணை, அதுக்கும் கீழ சமயசங்கிலி, வெண்டிபாளையம், சோழசிராமணி. ஒவ்வொரு கதவணைக்கும் பின்னால தண்ணி தேங்கி நிக்குது, மேப்புல பாத்தா படிக்கட்டு மாதிரி ஏரிக்குக் கீழ ஏரி. நெரிஞ்சிப்பேட்டைக்கும் பூலாம்பட்டிக்கும் நடுவுல அந்தத் தேங்கல் தண்ணியிலதான் படகு ஓடுது. ஆக அல்கான்குயின்ல பண்றதேதானே, ஏரியில போயி, கதவணை வந்தா தூக்கிட்டு நடந்து, அடுத்த ஏரியில எறங்கறதுன்னு தோணும்.

தோணுறது சரி, பண்ணுறது தப்பு. அல்கான்குயின்ல இருக்கற அந்தச் சின்ன அணைக்கு முன்னாடி மஞ்ச போர்டு வச்சு, பாதை வெட்டி, எங்க எறங்கணும்னு காட்டியிருக்காங்க. இங்க கதவணைங்கறது கரண்ட் எடுக்கற எடம், பொதுமக்கள் நடக்கறதுக்கு வச்ச எடம் இல்ல. மேல இருந்து வர்றவனுக்கு தண்ணி மட்டமாத்தான் தெரியும், ஷட்டர் எத்தனை தெறந்திருக்குன்னு கிட்டப் போற வரைக்கும் தெரியாது, கிட்டப் போயிட்டா இழுப்பு விடாது. அணைக்கட்டுல தண்ணி வழிஞ்சு விழுற எடத்துல கீழ ஒரு சுழல் உருளும், அதுல விழுந்த ஆளையும் மரத்தையும் அதுவே திருப்பித் திருப்பி உள்ள இழுத்துக்கும், லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும். ஜேடர்பாளையம் மாதிரி பாக்கறதுக்குச் சின்னதாத் தெரியற அணைக்கட்டுலயும் இது உண்டு. கண்ணுக்கு அழகா, உயரம் கம்மியா இருக்கறதுலதான் ஆளுங்க தைரியமா எறங்குவாங்க.

அதை விட முக்கியம், அந்தத் தண்ணி இயற்கையா ஓடற தண்ணி இல்ல. மேட்டூர்ல எவ்வளவு தெறக்கறாங்களோ அதுதான் ஆறு. டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12 தெறந்து ஜனவரி 28 மூடறதுங்கறது வழக்கம், அணையில தண்ணி இருக்கறதைப் பாத்து அதுவும் முன்னப் பின்ன ஆகும். கர்நாடகாவுல மழை பேஞ்சா இங்க வெயில் அடிச்சுக்கிட்டு இருக்கறப்பவே ஆறு ஏறும். 2018 ஆகஸ்ட்ல எங்க பவானியிலயும் கொமாரபாளையத்துலயும் கரையோர ஊடெல்லாம் தண்ணிக்குள்ள போச்சு, எங்க தெரு முனை வரைக்கும் வந்துச்சு. அந்த மாசமே முக்கொம்புல மதகு ஒடைஞ்சு ஆத்தோட போனது எல்லாருக்கும் தெரியும். நீங்க மணல் திட்டுல டென்ட் போட்டுத் தூங்கறப்ப ராத்திரி தண்ணி கூட்டி விட்டா உங்ககிட்ட வந்து சொல்றதுக்கு ஆள் கெடையாது. கூடுதுறையிலயும் கொடுமுடியிலயும் குளிக்கப் போயி போனவங்க கதை எங்க ஊர்ல ஊட்டுக்கு ஊடு இருக்கும்.

பவானிசாகர் பக்கம் போலாமான்னு அடுத்து கேப்பீங்க. அணையோட பின்பக்கமும் மாயாறும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தோட சேந்தது, முதலையும் உண்டு, யானை தண்ணிக்கு எறங்கற எடம், வனத்துறை அனுமதி இல்லாம கால் வைக்கக் கூடாது. தெங்குமரஹாடாங்கற காட்டுக் கிராமத்துக்காரங்க பரிசல்ல மாயாறு தாண்டறாங்கன்னா அவங்களுக்கு வேற வழி இல்லாம தாண்டறாங்க. கோயம்புத்தூர் குளங்க இருக்கே, நொய்யல்ல அணைக்கட்டு கட்டி, ராஜவாய்க்கால் வெட்டி, ஒரு குளம் ரொம்பி அடுத்த குளத்துக்குப் போற மாதிரி, ஒண்ணோட ஒண்ணு கோத்த ஏரின்னா அதுதான் நம்ம நாட்டுல. இன்னைக்கு அதுல பாதி ஆகாயத்தாமரையும் சாக்கடையும். துடுப்புப் போடறதுக்கு எனக்கே ஆசைதான், என்ன பண்றது.

அப்ப எப்படித்தான் பழகறது? துடுப்புப் போடறதை அங்க போயி முதல் நாள் ஒரு மணி நேரம் கரையோரமா போட்டுப் பழகிக்கலாம், பின்னால உக்காந்தவர்தான் வழி திருப்பணும், துடுப்பை இழுத்து முடிக்கறப்ப வெளிப்பக்கமா லேசா தள்ளுனா கேனோ நேராப் போகும், ரெண்டாவது நாளுக்குள்ள கை தானா பண்ணும். ஏற்காடு ஏரியில துடுப்புப் படகு எடுத்துப் பாக்கலாம்தான், ஆனா அது பின்பக்கமா பாத்து உக்காந்து இழுக்கறது, கேனோ முன்னால பாத்துத் தள்ளறது, தோளுக்குப் பயிற்சியா இருக்கும், அவ்வளவே. பரிசலும் உதவாது, அது வட்டம், சுத்திக்கிட்டேதான் போகும், அதை நேரா ஓட்டறது தனி வித்தை. இங்க நீங்க பழக வேண்டியது வேற. இருபது கிலோ அரிசி மூட்டையை எடுத்துக்கிட்டு தோட்டத்துல வரப்பு மேல ஒரு கிலோமீட்டர் நடங்க, வச்சுப்போட்டு வெறுங்கையா வாங்க, மறுபடி தூக்கிக்கிட்டுப் போங்க. வாரம் மூணு நாள், ரெண்டு மாசம். அப்பறம் ஏதாவது நல்ல நீச்சல் குளத்துல, ஆள் கூட வச்சுக்கிட்டு, பேண்ட் சட்டையோட லைஃப் ஜாக்கெட் மாட்டிக் குதிச்சுப் பாருங்க, அது மேல தூக்கறப்ப கழுத்தை எப்படி இடிக்குதுன்னு அங்கயே தெரியட்டும். ஒரு ராத்திரி மொட்டை மாடியில டென்ட் போட்டு, அடுப்புப் பத்த வச்சு, அரிசிம்பருப்பு ஆக்கிச் சாப்புட்டு, நாலு பேரும் ஒட்டுக்கா தூங்கிப் பாருங்க. யாரு குறட்டை விடறாங்கன்னு காட்டுக்குப் போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கறது நல்லதுங்க, ரெண்டு டென்ட்டை எப்படிப் பிரிக்கறதுன்னு அதை வச்சுத்தான் முடிவாகும்.

கடைசியா அல்கான்குயின்ல தங்கறதுக்கு பெர்மிட். அங்க எடத்தை புக் பண்றதில்ல, ஏரியை புக் பண்றது. இந்த ராத்திரி இந்த ஏரின்னு, அந்த ஏரியில ஆரஞ்சு போர்டு வச்ச எடத்துல எது காலியா இருக்கோ அதுல தங்கிக்கலாம், ஒரு எடத்துல ஒம்பது பேருக்கு மேல கூடாது. அஞ்சு மாசத்துக்கு முன்னாடி, அந்தத் தேதிக்கு, அந்த ஊர் நேரம் காலைல ஏழு மணிக்குத் தெறப்பாங்க, ரேட்டும் ரூலும் வருஷா வருஷம் மாறும், அதனால ஒன்டாரியோ பார்க்ஸ் வெப்சைட்ல ஒரு தடவை பாத்துக்குங்க. சனி, ஞாயிறு சேந்தா லிட்டில் ஜோ மாதிரி சின்ன ஏரி சீக்கிரம் தீந்துரும், ஞாயித்துக்கிழமை உள்ள போயி வியாழக்கிழமை வெளிய வர்ற மாதிரி போடுங்க. செப்டம்பர் 10 போறீங்கன்னா ஏப்ரல் 10 தெறக்கும். அவங்களுக்கு ஏழுன்னா அப்ப நமக்கு சாயங்காலம் நாலரை, மச்சானை எழுப்பவே வேண்டாம், கம்பெனியில டீ வர்ற நேரத்துல நீங்களே இங்கிருந்து போட்டுரலாம்.